பூனைக்கு என்ன வேலை

படிவத்தின் பதினான்காவது கட்டத்தில் பேனா நின்றது. அதுவரை தடையில்லாமல் ஓடியிருந்தது. பட்டறையின் பதிவு எண், ஏற்றுமதி தொடங்கிய ஆண்டு, வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, பொருளின் எடை, எந்தத் துறைமுகம் என்று பதின்மூன்று கட்டங்கள் நிரம்பிவிட்டன. பதினான்காவதில் 'பொருளின் இறுதிப் பயன்பாடு' என்று அச்சடித்து, கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். தான் செய்கிற பொருளைப் பற்றி எல்லோருக்கும் இரண்டு வரியாவது தெரிந்திருக்கும் என்று அரசாங்கம் நம்புகிறது.

அக்கா எதிரில் நின்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பட்டறை அவளுடையது.

"அக்கா, பூனை எதுக்கு?"

"அனுப்பறதுக்கு," என்றாள், டேப்பைப் பல்லால் கடித்தபடி.

"அது சரி. அங்க போய் என்ன பண்ணுது?"

அக்கா டேப்பை வாயிலிருந்து எடுத்தாள். ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, ரப்பரை வேகவைக்கிற பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றிருந்த தன் கணவரை, என் மாமாவைப் பார்த்தாள். மாமா அச்சைத் திறந்து புகையை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப் பார்த்தார். பிசிறு வெட்டுகிற மேசையில் ஆறு கத்தரிக்கோல்களும் சத்தத்தை நிறுத்தின. ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எல்லோருக்கும் ஒரேயடியாக உறைத்தது.

பூனை என்பது கட்டைவிரல் அளவுள்ள கறுப்பு ரப்பர் துண்டு. நடுவில் ஒரு துளை, அடியில் ஒரு பள்ளம், தலைமேல் இரண்டு காதுகள். முதல் வாரமே பிசிறு வெட்டுகிறவர்களில் ஒருத்தி வைத்த பெயர் அது. ஆவணங்களில் அதற்கு ஏழு இலக்க எண் உண்டு, என்னைத் தவிர யாருக்கும் அது மனப்பாடமில்லை. "மூணு பெட்டிப் பூனை மேல கிடக்கு, இறக்குங்க." "இந்தப் பூனைக்கு வயித்துல கொப்புளம், தூக்கிப் போடு." பட்டறையில் பேச்சு இப்படித்தான். மாதம் பதினெட்டாயிரம் பூனை வேகும். பிசிறு வெட்டி, ஒட்டாமலிருக்க மாவு தூவி, உறையில் போட்டு, கப்பலேறும். உள்ளூருக்கென்று குழாய் வாசர்களும் செய்கிறோம். ஆனால் ஆறு பெண்கள் தினமும் வந்து உட்காருவது பூனையால்தான்.

பூனை எங்களிடம் வந்து சேர்ந்ததே அரசாங்கத்தின் வழியாகத்தான். ஏற்றுமதி உதவி மையம் ஒருமுறை பெரிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு வியாபாரிகளை வரவழைத்து, எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களுக்கு ஆளுக்கொரு மேசை போட்டுக் கொடுத்தது. அக்கா குழாய் வாசர்களைத் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாளாம். பிற்பகலில் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒருவர் வந்தார். தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டை எடுத்து மேசைமேல் வைத்து, "இதே மாதிரி செய்ய முடியுமா?" என்றார். அக்கா அதை மாமாவிடம் தள்ளினாள். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்து முடியும் என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அந்த மனிதர் எங்களுக்கு நெட்டையர். அவர் பூனையை உபயோகிக்கிறவர் இல்லை. வாங்கி இன்னொருவருக்கு விற்கிறவர். அந்த இன்னொருவர் யார் என்று அவர் சொல்லமாட்டார். சொன்னால் நாங்கள் நேராகப் போய்விடுவோம் என்று பயம். அது நியாயமான பயம்தான். அக்கா போயிருப்பாள்.

இப்போது படிவம் எதற்கென்றால், அச்சுக்கு. ஒன்பது வருஷமாக ஒரே எஃகு அச்சு. இருபத்து நான்கு குழிகளில் ஏழு செத்துவிட்டன, அவற்றை மாமா ஆணி அடித்து மூடிவிட்டார். மிச்சமிருக்கிற குழிகளும் விளிம்பு தேய்ந்து, பூனைகள் பிசிறோடு பிறந்தன. முன்பு ஒரு பூனைக்கு நாலு வெட்டு போதும். இப்போது பத்து வெட்டு. நெட்டையர் கேட்கிற தேதிக்குள் பெட்டி நிரம்புவதில்லை. இரண்டு முறை தாமதமாகிவிட்டது, மூன்றாவது முறை ஆனால் வேறு நாட்டில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிவிட்டார். புது அச்சுக்கு எங்களிடம் வழியில்லை. ஏற்றுமதி செய்கிறவர்கள் அச்சு வாங்கினால் பாதிச் செலவை அரசாங்கம் ஏற்கும் என்று ஒரு திட்டம் இருந்தது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

"ரப்பர் உதிரி பாகம்னு எழுது," என்றாள் அக்கா. எழுதினேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பதினான்காவது கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எதன் உதிரி பாகம்?' என்று கேட்டிருந்தார்கள். கோபமான கேள்வியாக அது தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் எழுதினது மாதிரி இருந்தது.

பொய்யாக எதையாவது எழுதியிருக்கலாம். ஆனால் படிவத்தின் அடியில், தவறான தகவல் தந்தால் ஐந்து வருஷத்துக்கு எந்தத் திட்டத்திலும் சேர முடியாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. ஆகவே நான் அக்காவிடம் சொல்லாமல் நெட்டையருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அரசாங்கப் படிவம் ஒன்றுக்காகக் கேட்கிறோம், இந்தப் பாகம் எதில் பொருத்தப்படுகிறது என்று ஒரு வரி தெரிவித்தால் போதும் என்று.

பதில் அன்று மாலையே வந்தது. ஏன் கேட்கிறீர்கள்? யார் உங்களைத் தொடர்புகொண்டார்கள்? வேறு யாரிடமும் பேசவில்லை என்று எழுத்து மூலம் உறுதி சொல்லும்வரை அடுத்த மாத ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியாது. அவள் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஒம்போது வருஷம் நான் வாய மூடிட்டு இருந்தேன்ல. எனக்குத் தெரிஞ்சுக்க ஆசை இல்லன்னா நெனச்ச?"

"படிவத்துல கேக்கறாங்கக்கா."

"படிவம் கேக்கும். அதுக்கு வேற என்ன வேலை? நெட்டையன் வாய்க்குள்ள எதுக்குடா கைய விட்ட?"

பிசிறு மேசையிலிருந்து கண்ணாடிக்காரம்மா, "விடுங்க, சின்னப்பய தெரியாமப் பண்ணிட்டான்," என்றாள். அவள்தான் ஆறு பேரில் மூத்தவள், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுத்தான் பிசிறு வெட்டுவாள். எனக்கு முப்பத்தொரு வயது. அக்கா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அரைமணி நேரம் திட்டினாள்.

வேறு யாரிடமும் பேசவில்லை என்று நெட்டையருக்கு உறுதி எழுதி அனுப்பினோம். பதில் இல்லை. படிவமும் முடங்கியது, ஆர்டரும் முடங்கியது. மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் உதவி மையத்திலிருந்து ஓர் ஆள் நேரில் வந்தார். தோல் பையை மார்போடு அணைத்தபடி, பேருந்தில் வந்த கசங்கலோடு. சட்டைப் பையில் இரண்டு பென்சில். வட்டம் போட்டது இவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கிளம்புவதற்கு முன்பே பெண்கள் அவருக்குப் பென்சில் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் வழக்கமாக நாற்காலி கேட்பார்கள். இவர் நேராகப் பிரஸ்ஸுக்குப் போனார். ரப்பர் ஏன் இவ்வளவு நேரம் வேகிறது, மாவு எதற்கு, கறுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா ஒரு நாளில் பேசுகிற மொத்த வார்த்தைகளும் பத்து நிமிஷத்தில் செலவாகிவிட்டன. பிறகு பிசிறு மேசைக்கு வந்து, ஒரு பூனையை எடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"நீங்க எல்லாரும் சொல்லுங்க. இது எதுக்குன்னு நெனக்கிறீங்க?"

அரசாங்க ஆள் கேட்கிற கேள்வியில் வில்லங்கம் இருக்கும். இருந்தாலும் கண்ணாடிக்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சவப்பெட்டி மூடிக்கு, சார். மூடறப்ப டமால்னு சத்தம் வரக்கூடாதுல்ல. அழுதுட்டு இருக்கவங்க பயந்துடுவாங்க."

"ஐயய்ய, இத்தன நாளு அத நெனச்சிட்டா வெட்டுன?" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். "சார், இது குழந்தைங்க வண்டிக்கு. சக்கரத்துக்கு மேல வரும். நான் என் தங்கச்சிகிட்டயே சொல்லிருக்கேன்."

இன்னொருத்தி மாட்டுக்குப் பால் கறக்கிற இயந்திரம் என்றாள். கைப்பேசியில் பார்த்தாளாம். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் வெகுநேரம் தயங்கிவிட்டு, விமானத்தின் ஜன்னலுக்கு என்று தன் மகனிடம் சொல்லி வைத்திருப்பதாகவும், அவன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டதாகவும், தயவுசெய்து வேறு எதுவாக இருந்தாலும் வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். பென்சில் சார் ஒன்றையும் சிரிக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அத்தனை பேரும் இத்தனை வருஷமாகத் தனித்தனியாக ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. சவப்பெட்டிக்காரி ஒரு வெட்டும் தவறாமல் வெட்டுவாள். விமானக்காரியின் வெட்டும் அதே சுத்தம்தான். பெட்டிக்குள் போனபின் யாருடைய பூனை எது என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்தவர் பூனையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

"இந்த இடது காது மட்டும் ஏன் சாயுது?"

"நெட்டையரு குடுத்த மாதிரித் துண்டு அப்படித்தான் இருந்துச்சு," என்றார் மாமா.

"சாய்ஞ்சா?"

"ஆமா. வலது காது நேரு. இடது காது மேல கொஞ்சம் சரிவு. அளந்து அப்படியே அச்சுல எடுத்தேன். இம்மி பிசகாது."

அதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அந்தச் சரிவு நுணுக்கமான வேலை. அதற்காகத் தனியாக ஓர் அரம் செய்து வைத்திருந்தார். ஆறு பெண்களுக்கும் அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, இடது காதில் பிசிறு வெட்டும்போது சரிவு மழுங்கக்கூடாது என்பதுதான்.

பென்சில் சார் இன்னும் ஒற்றைக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாதிரித் துண்டு, புதுசா பழசா?"

மாமா யோசித்தார். "அவரு பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தாரு. துளையில கிரீஸ் இருந்துச்சு. தொடச்சிட்டுத்தான் அளந்தேன்."

பென்சில் சாரே தான் கேட்டதை நினைத்து வருந்துகிறவர் போலப் பூனையை மெதுவாகக் குவியலில் வைத்தார். துளையில் கிரீஸ் என்றால் எங்கேயோ கிடந்து உழைத்த துண்டு. உழைத்த துண்டு என்றால் அந்தச் சரிவு தேய்மானமாக இருக்கலாம். ஏதோ ஒன்று ஒரே பக்கமாக வந்து வந்து உரசி, காதைத் தின்றிருக்கலாம். நாங்கள் அந்தத் தேய்மானத்தை அளந்து, அரம் செய்து, அச்சில் வெட்டி, மழுங்காமல் காப்பாற்றி, பிறக்கும்போதே தேய்ந்த பூனைகளை ஒன்பது வருஷமாக அனுப்பிக்கொண்டிருக்கலாம். மனதில் கணக்குப் போட்டேன். பத்தொன்பது லட்சத்துக்கு மேல் வந்தது.

அவர் போனபின் மாமா பிரஸ்ஸுக்குப் போனார். வேலை நடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையை நிறுத்தி, "ஒரு புகார் கூட வரலியே," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"வரலதான்," என்றாள் அக்கா.

"தப்பா இருந்தா வந்திருக்கும்ல."

"வந்திருக்கும்."

"இல்ல, அங்க எவனாவது ஒருத்தன் ஒவ்வொண்ணையும் பொருத்தறதுக்கு முன்னாடி திட்டிக்கிட்டே அடியில ஏதாவது முட்டுக் குடுத்து வெச்சிருப்பான்."

நானும் அந்த ஆளை நினைத்துப் பார்த்தேன். எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில், வாளியில் எங்கள் பூனைகள், பக்கத்தில் வெட்டி வைத்த அட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சலிப்பு. அவனுக்கும் நாங்கள் யார் என்று தெரியாது. காதைச் சரியாக வெட்டத் தெரியாத முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அல்லது அப்படி ஓர் ஆளே கிடையாது, அந்தச் சரிவுதான் பூனையின் உயிர்நாடி. இரண்டில் எது என்று நெட்டையரைக் கேட்கவும் முடியாது. எதில் பொருத்துகிறீர்கள் என்று கேட்டதற்கே ஆர்டர் நின்றது. காது சரியா என்று கேட்டால், ஒன்பது வருஷமாகத் தெரியாமல் செய்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

இதில் இன்னொரு சங்கடம், புது அச்சு. பழைய அச்சாக இருந்தால் இதுதான் இருந்தது, இதைத்தான் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். புதிதாக வெட்டும்போது சாய்த்து வெட்டினாலும் நிமிர்த்தி வெட்டினாலும் அது தெரிந்து செய்ததாகிவிடும்.

இரண்டு நாள் கழித்துப் பென்சில் சார் தொலைபேசியில் கூப்பிட்டார். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டாள். ஒரு வழி இருக்கிறது என்றார். நெட்டையர் இருக்கிற நாட்டில் நம்முடைய வணிக அலுவலகம் ஒன்று உண்டு. அவர்கள் அரசாங்கத்தின் பெயரில் நெட்டையரைக் கேட்பார்கள். பொருள் எங்கே போகிறது என்பதை அவர் அரசாங்கத்துக்கு மட்டும் மூடிய உறையில் சொல்லலாம். வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் அதைப் படிப்பேன் என்றார். படிவத்தில் 'மறைவாகப் பெறப்பட்டது' என்று எழுதினால் போதும். உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது," என்றாள் அக்கா.

"ஆமாம்மா. சட்டம் அப்படி."

"நல்லா இருக்கு சார் கதை. பெத்தவளுக்குத் தெரியாது, பிறப்புச் சான்றிதழ் எழுதறவருக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "எனக்கும் தூக்கம் வரலம்மா, அது என்னன்னு தெரியாம," என்றார். அது அதிகாரி பேசுகிற பேச்சாக இல்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது நெட்டையரிடமிருந்து இரண்டு வரி வந்தது. உங்கள் அரசாங்கத்தோடு விஷயம் முடிந்தது. வழக்கம்போல் அனுப்பவும். அடுத்த நாள் ஒப்புதல் கடிதத்தோடு வருவதாகப் பென்சில் சார் செய்தி அனுப்பினார். பெண்கள் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்து எதையோ யோசித்தாள். பிறகு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

மாமா அன்று முழுவதும் பிரஸ்ஸில் வாசர் வேகவைப்பதை என்னிடம் விட்டுவிட்டு, பழைய அச்சில் செத்துக் கிடந்த குழி ஒன்றைத் திறந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இடது காதுப் பக்கம் மட்டும். மூன்று முறை வேகவைத்துப் பார்த்து மூன்றும் கொப்புளம். நாலாவது சுத்தமாக வந்தது. இரண்டு காதும் நேராக நிமிர்ந்த பூனை. பிசிறு மேசையில் அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தாள். "ஏதோ முறைச்சுப் பாக்கற மாதிரி இருக்கு," என்றாள்.

மறுநாள் பென்சில் சார் வந்தபோது எல்லோரும் அவருடைய முகத்தைத்தான் பார்த்தோம். தெரிந்தவரின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. பெரிதாக மாறவில்லை. ஆனால் பிசிறு மேசையைக் கடக்கும்போது நடை கொஞ்சம் தாமதப்பட்டது. குவியலைப் பார்த்தார். முன்பு தூக்கிப் போட்டுப் பிடித்தவர் இப்போது தொடவில்லை.

"பெரிய விஷயந்தான் போலருக்கு," என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"சிரிப்ப அடக்கறாருடி, உதட்டப் பாரு."

"சவப்பெட்டியா இருந்தா சிரிப்பாரா?"

"உனக்குன்னு ஒரு சவப்பெட்டி."

விமான ஜன்னல் சொன்னவள் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

பென்சில் சார் ஒப்புதல் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தார். கையெழுத்துகள் முடிந்தன. மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த எஃகுக் கட்டி வாசலோரம் சாக்கில் சுற்றி நின்றது. அதை இனி வெட்டலாம். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் உள்ளே போய் ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். பிஸ்கட் வைக்கிற தட்டு. அதில் இரண்டு பூனைகள்.

"சார், எங்களால உங்களுக்கு ரொம்ப அலைச்சல். ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக்குங்க."

அவர் தட்டைப் பார்த்தார். ஒன்றின் இடது காது சாய்ந்திருந்தது. இன்னொன்றின் இரண்டு காதும் நேர். அவருக்கு விளங்க அரை நொடிகூட ஆகவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது."

"ரப்பர் துண்டு சார். அரசாங்கத்துக்கே தெரியும் என்னன்னு."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ம்மா. எதையும் சொல்லக்கூடாது."

"யாரு சார் சொல்லச் சொன்னா? எதுல போகுதுன்னு எங்களுக்கு வேணவே வேணாம். அது உங்களோடயே இருக்கட்டும். ஒண்ணு எடுத்துக்குங்கன்னுதான சொன்னேன். பிஸ்கட் எடுத்தா சட்டம் தடுக்குமா?"

மாமா பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றார். கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்கள். நான் அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

பென்சில் சார் தட்டை வெகுநேரம் பார்த்தார். எழுந்துகொண்டார். பையை எடுத்து மார்போடு அணைத்தார். அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். அக்கா தட்டை நீட்டியபடி நின்றாள். அவர் வாசல் பக்கம் திரும்பினார். திரும்பும்போதே, தட்டைப் பார்க்காமல், கை மட்டும் வந்து ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் பென்சில்களோடு போட்டுக்கொண்டது.

"வரேன்ம்மா," என்றார்.

"போயிட்டு வாங்க சார்."

அவர் தெருவில் இறங்கிப் பேருந்து நிற்கிற இடம்வரை போவதை ஆறு பெண்களும் ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். போகிற வழியில் எதைப் பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எதையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒரு முறை கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு பேருந்து வந்து மறைத்தது. பேருந்து போனபின் அங்கே யாரும் இல்லை.

தட்டில் மிச்சமிருந்தது இரண்டு காதும் நேராக இருந்த பூனை.

"பாத்தீங்களா," என்றாள் அக்கா. மாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் தட்டிடம் சொல்வது மாதிரி மெதுவாக. மாமா தலையாட்டினார். பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அக்கா தட்டை நீட்டியபோது சாய்ந்த காதுப் பூனை அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது. பை இடது கையில். வாசலுக்குத் திரும்புகிற ஆளின் வலது கைக்கு எட்டியது அது ஒன்றுதான். தெரிந்து எடுத்தாரா, சட்டத்தை மீறக்கூடாதென்று கண்ணை விலக்கிக் கைக்கு வந்ததை எடுத்தாரா, எனக்குத் தெரியாது. அக்கா வேண்டுமென்றே தட்டை அப்படித் திருப்பினாளா என்பதும் தெரியாது. அவள் திருப்பக்கூடியவள்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை கேட்டதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமா வாசலோரச் சாக்கைப் பிரித்தார். எஃகுக் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தார். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று முழங்கையால் தள்ளினார். எண்ணெயைத் துடைத்து, கோடு தெரிவதற்காகத் தடவுகிற நீல மையை மேல்பரப்பு முழுக்கப் பூசினார். மை காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் கடிதம் அக்காவின் மடியில் கிடந்தது. பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோடு கீறுகிற ஊசியை எடுத்துத் துளைக்கு வட்டம் கீறினார். பள்ளத்துக்கு இரண்டு கோடு. வலது காது. கடைசியாக இடது காதின் அடியில் ஊசிமுனையை வைத்தார். வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நீலம் ஏரியைப்போல் சலனமில்லாமல் இருந்தது. ஊசி கிறீச்சென்றது. நீலத்தில் ஒரு மயிரிழை, சாயுமா நிமிருமா என்று இன்னும் தெரியாமல், வெள்ளையாக மேலே கிளம்பியது.